10 எச்.பி டஸ்ட் கலெக்டரில் சக்‌ஷன் விழுந்துவிட்டது: மோட்டாரை 15 ஆக்கினால் சரியாகுமா?

குறிச்சி_ஃபேப் (கேள்வி)

வணக்கங்க. கோயமுத்தூர்ல எம்.எஸ் ஃபேப்ரிகேஷன் ஷாப், 60க்கு 40 அடி. நாலு மிக் வெல்டிங் பே, ரெண்டு கிரைண்டிங் டேபிள் (4க்கு 3 அடி, ஏஜி4, ஏஜி7 ஆங்கிள் கிரைண்டர் ரெண்டும் ஓடும்). எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கார்ட்ரிட்ஜ் டஸ்ட் கலெக்டர். விவரம் கீழே:

ஃபேன் 10 எச்.பி, பெல்ட் டிரைவ். பிளேட்ல 5000 சி.எஃப்.எம் (நிமிஷத்துக்கு கன அடி), பிரஷர் 200 எம்.எம் வாட்டர் காலம்னு இருக்கு. கார்ட்ரிட்ஜ் (மடிப்புத் துணி ஃபில்டர்) 8, ஸ்பன்பாண்ட் பாலியஸ்டர், ஒண்ணு 10 சதுர மீட்டர். மெயின் டக்ட் 12 இன்ச் ஜி.ஐ, 60 அடி, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே சைஸ். வெல்டிங்குக்கு 6 இன்ச் சக்‌ஷன் ஆர்ம் நாலு. கிரைண்டிங் டேபிளுக்கு மேல 3 அடி உயரத்துல கூரை மாதிரி ஹூட், அதுல இருந்து 6 இன்ச் பி.வி.சி ஃபிளெக்சிபிள் ஹோஸ்ல மெயினுக்குப் போகுது.

போட்ட புதுசுல பரவாயில்லை. ஆறு மாசத்துல ஆர்ம் வாயில காகிதம் வெச்சாக்கூட நிக்கறதில்லை. கார்ட்ரிட்ஜைக் கழட்டி ஏர் அடிச்சுப் போட்டா ஒரு வாரம் இழுக்குது, மறுபடி அதே கதை. சப்ளையர் 15 எச்.பி மோட்டார் மாத்தச் சொல்றார். மாத்தலாமுங்களா?

இன்னொண்ணு. அடுத்து அலுமினியம் பேனல் வேலை வருது. அதோட கிரைண்டிங்கையும் இதே லைன்ல சேர்த்துக்கலாமா?


டக்ட்_கணக்கு

மோட்டாருக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். ஒரே டக்ட், ஒரே ஃபில்டரில் காற்றின் அளவு ஃபேன் வேகத்துக்கு நேர்விகிதம். பிரஷர் வேகத்தின் வர்க்கம். பவர் வேகத்தின் கனம். 10-ஐ 15 எச்.பி ஆக்கி, அது முழுக்கப் பயன்படும்படி புல்லியும் மாற்றினால் பவர் ஒன்றரை மடங்கு, காற்று 14 சதவீதம்தான் கூடும். புல்லி மாற்றாமல் மோட்டார் மட்டும் மாற்றினால் அதுவும் இல்லை. ஃபேன் அதே வேகத்தில்தான் சுற்றும்.

முதலில் சில அளவுகள் எடுத்துப் போடுங்கள். அதற்கு முன் எதையும் சொல்வது ஜோசியம்.

ஃபேன் சுற்றும் திசை. கேசிங்கில் உள்ள அம்புக்குறியும் இம்பெல்லர் சுற்றுவதும் ஒன்றா என்று பாருங்கள். சென்ட்ரிஃபியூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் போகும், பாதிக்கும் கீழாகப் போகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஈ.பி வேலை நடந்த பிறகோ பேனலில் கை வைத்த பிறகோ ஃபேஸ் மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

ஓடும்போது ஆம்பியர். 10 எச்.பிக்கு 415 வோல்ட்டில் முழு லோடு சுமார் 14 ஆம்பியர். கிளாம்ப் மீட்டரில் அதில் பாதிதான் காட்டுகிறது என்றால் மோட்டார் திணறவில்லை, காற்றே போகவில்லை என்று பொருள். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் வித்தியாசம். மேக்னஹெலிக் கேஜ் இருந்தால் அதன் ரீடிங். இல்லையென்றால் கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூபை யு வடிவில் பலகையில் கட்டி, கலர் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டர்ட்டி பக்கமும் மறுமுனையை கிளீன் பக்கமும் செருகினால் போதும். இரண்டு மட்டத்துக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் விடை. துளை 3 எம்.எம், உள்பக்கம் பிசிறு இருக்கக்கூடாது.

ஆர்ம் கழுத்திலும் மெயின் டக்டிலும் காற்றின் வேகம். வேன் அனிமோமீட்டர் வாடகைக்குக் கிடைக்கும். பிட்டோ டியூப் இருந்தால் எம்.எம் வாட்டர் காலத்தில் வரும் வெலாசிட்டி பிரஷரின் வர்க்கமூலத்தை 4.04-ஆல் பெருக்குங்கள், வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வந்துவிடும்.

கடைசியாக, பல்ஸ் ஹெடரில் (கார்ட்ரிட்ஜைச் சுத்தம் செய்ய விட்டுவிட்டு அடிக்கும் ஏரைத் தேக்கி வைக்கும் குழாய்) ஏர் பிரஷர். பல்ஸ் அடிக்கும்போது முள் எவ்வளவு இறங்கி எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்பதும்.


குறிச்சி_ஃபேப்

எடுத்துட்டேங்க.

திசை சரி. ஆம்பியர் 7.5. ஃபில்டர் டி.பி (அந்தப் பிரஷர் வித்தியாசம்) 210 எம்.எம், பல்ஸ் அடிச்சாலும் 200க்குக் கீழ இறங்கறதே இல்லை. ஆர்ம் கழுத்துல 4 மீட்டர், நாலுலயும் ஏறக்குறைய அதேதான். மெயின்ல கலெக்டர் பக்கம் 6 மீட்டர். ஹெடர்ல 3.5 பார், பல்ஸ் அடிச்சா 1.5க்கு இறங்கி அடுத்த பல்ஸ் வர்றதுக்குள்ள 2.5தான் ஏறுது. கம்ப்ரஸர்ல இருந்து 8 எம்.எம் பி.யு டியூப்ல வருது, அதே லைன்ல பிளாஸ்மா கட்டரும் இருக்கு. பல்ஸ் டைமர் 10 செகண்டுக்கு ஒண்ணு, நாள் முழுக்க ஓடும்.


டக்ட்_கணக்கு

இப்போது பேசலாம்.

12 இன்ச் டக்டை 300 எம்.எம் என்று வைத்தால் குறுக்குப் பரப்பு 0.0707 சதுர மீட்டர். 6 மீட்டர் வேகத்தில் மணிக்கு சுமார் 1,530 கனமீட்டர், அதாவது 900 சி.எஃப்.எம். பிளேட்டில் 5000, கையில் 900.

அந்த 5000-மும் பேப்பரில்தான். அவ்வளவு காற்று 12 இன்ச் குழாயில் போக வேண்டுமென்றால் வேகம் 33 மீட்டர் தாண்டும். டக்ட் லாஸ் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 200 எம்.எம் ஃபேனுக்கு அது முதல் நாளிலிருந்தே எட்டாக் கனி. டக்ட் போட்டவரும் ஃபேன் கொடுத்தவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

ஆனால் அசல் கோளாறு ஃபில்டர் பரப்பில். உங்களிடம் இருப்பது 80 சதுர மீட்டர். 5000 சி.எஃப்.எம் என்பது நிமிடத்துக்கு 142 கனமீட்டர். 142-ஐ 80-ஆல் வகுத்தால் 1.77. வெல்டிங் புகைக்கு இந்த விகிதம் 0.5-லிருந்து 0.6-க்குள் இருக்க வேண்டும். அடி கணக்கில் சொன்னால் ஒரு சதுர அடிக்கு 2 சி.எஃப்.எம்-க்கு மேல் போகக்கூடாது, உங்களுடையது 5.8. இது பேக் ஃபில்டரில் கரடுமுரடான தூசிக்குப் போடும் கணக்கு. கிரைண்டிங் தூசி பத்து, ஐம்பது மைக்ரான் என்று கனமாக இருக்கும், துணியின் மேலேயே நிற்கும். வெல்டிங் புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழ். வேகமாக இழுத்தால் அது மீடியாவுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு எந்தப் பல்ஸுக்கும் வெளியே வராது. புது கார்ட்ரிட்ஜில் டி.பி 25 முதல் 50 எம்.எம் இருக்கும், 150-ஐத் தொட்டு இறங்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். உங்களுடையது 210. ஃபேன் தரும் பிரஷர் முழுவதையும் கார்ட்ரிட்ஜே தின்றுவிட்டது.

கையால் ஏர் அடித்துச் சுத்தம் செய்வதையும் விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து பக்கத்தில் வைத்து அடிக்கும்போது தூசி இன்னும் ஆழமாகப் போகிறது, துணியும் கிழிகிறது. ஒரு வாரம் நன்றாக இழுப்பதற்குக் கிழிசலும் காரணமாக இருக்கலாம். ஃபேன் அவுட்லெட்டிலும் கார்ட்ரிட்ஜின் கிளீன் பக்கத்திலும் விரலால் தடவிப் பாருங்கள், கருப்பு ஒட்டினால் ஓட்டைதான்.

இனி ஆர்ம். 6 இன்ச் ஆர்முக்கு மணிக்கு 1,200 கனமீட்டர், ஏறத்தாழ 700 சி.எஃப்.எம் வேண்டும். கழுத்தில் 19 மீட்டர் வேகம். உங்களுக்கு வருவது 255 கனமீட்டர். ஹூட் வாய் 300 எம்.எம் என்று வைத்து, வாயிலிருந்து தள்ளிப்போகப் போக வேகம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். 1,200 கனமீட்டர் இழுக்கும்போது 15 செ.மீ தூரத்தில் 1.1 மீட்டர், 20 செ.மீயில் 0.7, 30 செ.மீயில் 0.34. புகையைப் பிடிக்க 0.5-லிருந்து 1 மீட்டர் வரை வேண்டும். அதாவது எல்லாம் சரியாக இருந்தாலும் வெல்டர் ஹூட்டை ஒரு ஜாணுக்கு மேல் தள்ளினால் வேலை செய்யாது. இப்போதைய 255-ல் 20 செ.மீ தூரத்தில் 0.15 மீட்டர்தான். பக்கத்து பெடஸ்டல் ஃபேன் காற்று அதைவிடப் பல மடங்கு. ஊதுபத்தி கொளுத்தி வெல்ட் நடக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

15 செ.மீக்கும் நெருக்கமாக வைக்காதீர்கள், ஷீல்டிங் கேஸ் கலைந்து வெல்டில் போரோசிட்டி (பொடித் துளைகள்) வரும்.

கிரைண்டிங் டேபிளுக்கு மேல் உள்ள கூரை ஹூட்டைப் பற்றி என்ன சொல்ல? கழற்றிவிடலாம். ஏஜி4 பொறி டிஸ்கின் விளிம்பிலிருந்து நேர்கோட்டில் பக்கவாட்டில் பாயும். மேலே 3 அடியில் இருக்கும் ஹூட்டுக்கு அது வரவே வராது. வருகிற கொஞ்சம் மெல்லிய தூசியும் குனிந்து நிற்கிறவர் மூக்கைக் கடந்துதான் மேலே போகும். தூசி கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கத்தில் உறிஞ்ச வேண்டும் என்று பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவிலேயே எழுதியிருந்தது. கூரை ஹூட் சூடான தொட்டிக்கும் உலைக்கும்தான்.


மெயின்டனன்ஸ்_மாரி

மேலே அண்ணன் சொன்ன ஃபில்டர் கணக்கு சரி. பல்ஸ் பக்கம் நான் சொல்றேன், ஏன்னா புது கார்ட்ரிட்ஜ் போட்டாலும் இந்த ஏர் லைனோட மூணு மாசம்கூட தாங்காது.

ஹெடர்ல 5 முதல் 6 பார் நிக்கணும். அடிச்ச உடனே முள் இறங்கும், அது இயல்பு. ஆனா அடுத்த வால்வு திறக்கறதுக்குள்ள பழைய இடத்துக்கு வந்துடணும். உங்களுது 2.5லயே அடுத்த அடி அடிக்குது. அது அடி இல்லை, தட்டிக்கொடுக்கறது. 8 எம்.எம் டியூபைத் தூக்கிட்டு முக்கால் இன்ச் ஜி.ஐ லைன் தனியா இழுங்க, பிளாஸ்மாவுக்கு முன்னாடியே பிரிச்சுடுங்க. ஹெடருக்கு முன்னாடி ரெகுலேட்டர், ஆட்டோ டிரெயின் வெச்ச ஃபில்டர். மழைக்காலத்துல தண்ணி ஹெடருக்குள்ள வந்தா பல்ஸோட சேர்ந்து கார்ட்ரிட்ஜ் உள்பக்கம் தெளிக்கும், தூசி சிமென்ட் மாதிரி இறுகிடும். ரெஃப்ரிஜரேஷன் டிரையர் இருந்தா அதுக்குப் பின்னால இருந்து லைன் எடுங்க. ஹெடர் அடியில இருக்கற வால்வைத் தினம் ஒரு தடவை திறந்து பாருங்க, தண்ணியோ எண்ணெயோ வந்தா கம்ப்ரஸர்ல வேலை இருக்கு.

பல்ஸ் திறந்திருக்கிற நேரம் 100ல இருந்து 150 மில்லிசெகண்ட். அதை 300, 400ன்னு வெச்சா நல்லா சுத்தமாகும்னு நினைக்கறாங்க, ஆகாது. அடியோட வேகம் முதல் நொடித்துளியிலயே முடிஞ்சுடும், மீதி வெறும் ஏர் வேஸ்ட், ஹெடரும் காலியாகும்.

10 செகண்டுக்கு ஒண்ணு நாள் முழுக்க அடிக்கறதும் தப்பு. கார்ட்ரிட்ஜ் மேல லேசா ஒரு தூசிப் படலம் நிக்கணும், அதுதான் உண்மையான ஃபில்டர். அதையும் உதிர்த்துக்கிட்டே இருந்தா புகை நேரா துணிக்குள்ள போகும். டி.பி பார்த்து அடிக்கற கன்ட்ரோலர் போடுங்க: 100 எம்.எம்ல ஆரம்பிக்கணும், 75ல நிக்கணும். ஷிஃப்ட் முடிஞ்சதும் ஃபேனை நிறுத்தி, இம்பெல்லர் முழுசா நின்ன பிறகு 15, 20 நிமிஷம் பல்ஸ் மட்டும் ஓட விடுங்க. காற்று ஓட்டம் இல்லாதப்போ விழற தூசி நேரா அடியில தூசி சேர்ற ஹாப்பருக்குப் போகும். ஓட்டம் இருக்கும்போது விழறது பாதி மறுபடி பக்கத்து கார்ட்ரிட்ஜ்லயே போய் ஒட்டிக்கும்.

இப்ப இருக்கற வால்வை எப்படிச் சோதிக்கறது? ஒவ்வொண்ணா அடிக்க விட்டுக் காதுல கேளுங்க. 'டப்'னு வெட்டின மாதிரி சத்தம் வரணும். 'புஸ்ஸ்'னு இழுத்தா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு. சத்தமே இல்லைன்னா சோலனாய்டு காயில். அடிக்காத நேரத்துல விடாம சீறினாலும் டயஃப்ரம்தான், ஹெடர் ஏறாததுக்கு அதுவே பெரிய காரணமா இருக்கலாம். எட்டையும் சோதிக்கப் பத்து நிமிஷம் ஆகாது.

புது கார்ட்ரிட்ஜ் போட்ட அன்னிக்கே வெல்டிங் புகையை விடாதீங்க. ஃபேனைக் குறைச்ச வேகத்துல ஓட்டி, சுண்ணாம்புக்கல் பிரீகோட் பவுடரை டக்ட்ல விட்டு இழுக்க விடுங்க. எவ்வளவுன்னு பவுடர் மூட்டையிலயே சதுர மீட்டர் கணக்குல போட்டிருக்கும். டி.பி 10, 15 எம்.எம் ஏறினா போதும். அப்புறம் 50ஐத் தாண்டற வரைக்கும் பல்ஸை ஆஃப்லயே வைங்க.

ஹாப்பர் அடியில டிரம் கேஸ்கெட்டையும் பாருங்க. அங்க காற்று உள்ள இழுத்தா விழுந்த தூசியெல்லாம் திரும்ப மேல கிளம்பும். அதே ஊதுபத்தி டெஸ்ட்தான். டிரம்மை ஷிஃப்ட் முடிவுல காலி பண்ணுங்க. ஹாப்பரை குடோன் மாதிரி வெச்சுக்காதீங்க, ஒரு பொறி போதும்.

அப்புறம் அந்த பி.வி.சி ஃபிளெக்சிபிள். கிரைண்டிங் பொறி போற வழியில அது இருக்கறதே தப்பு.


பேக்ஹவுஸ்_ரமணி

சுருக்கமாக ஒன்று: 20 சதுர மீட்டர் கார்ட்ரிட்ஜ் அதே சைஸில் கிடைக்கிறது. எட்டையும் அதற்கு மாற்றினால் 160 சதுர மீட்டர். ஃபேன், டக்ட் எதையும் தொட வேண்டாமே?


டக்ட்_கணக்கு

ரமணி சார், பேப்பரில் நன்றாக இருக்கும். அதே உயரம், அதே விட்டத்தில் இரட்டிப்புப் பரப்பு என்றால் மடிப்புகளை நெருக்கித்தான் தர முடியும். மடிப்புக்கு நடுவே தூசி அடைத்துக்கொண்டால் பாதித் துணி செத்த துணி; பல்ஸ் அடித்தாலும் உதிர இடமில்லை. எண்ணெய்ப் பசை உள்ள ஷீட்டும் ஆன்ட்டி ஸ்பேட்டர் ஸ்ப்ரேயும் புழங்கும் ஷாப்பில் இது சீக்கிரமே நடக்கும். 15 சதுர மீட்டர், மடிப்பு அகலமாக, நானோஃபைபர் கோட்டிங் உள்ளது என்றால் சரி. எட்டுக்கு 120 ஆகிறது.

பரப்பைக் கூட்டுவதைவிடக் காற்றைக் குறைப்பது சுலபம். என் யோசனை இது: வெல்டிங்கையும் கிரைண்டிங்கையும் பிரித்துவிடுங்கள்.

இப்போதுள்ள கலெக்டர் வெல்டிங்குக்கு மட்டும். நாலு ஆர்ம், ஒன்றுக்கு 1,200 வீதம் மணிக்கு 4,800 கனமீட்டர். 120 சதுர மீட்டர் கார்ட்ரிட்ஜில் விகிதம் 0.67. எந்நேரமும் நாலு பேரும் ஒன்றாக வெல்ட் அடிக்க மாட்டார்கள். ஆர்முக்கு ஒரு டேம்பர் (காற்றை அடைக்கும் மூடி) வைத்து, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி போட்டு மூன்று பேர் கணக்கில் ஓட்டினால் 3,600, விகிதம் 0.5. அதுதான் வேண்டியது.

மெயின் டக்டைப் படிப்படியாகப் பெருக்குங்கள். கடைசி ஆர்மிலிருந்து 6 இன்ச், இரண்டாவது சேர்ந்ததும் 8, மூன்றாவது சேர்ந்ததும் 10, நான்காவதுக்குப் பிறகு 12. நாலும் திறந்திருக்கையில் எல்லா இடத்திலும் வேகம் 19-லிருந்து 21 மீட்டருக்குள் நிற்கும். வெறும் புகைக்கு 10, 12 மீட்டர் போதும் என்பதால் ஒரு ஆர்மை மூடினாலும் பிரச்சினை இல்லை. இப்போதுள்ள மெயின் மாதிரி முதலிலிருந்தே 12 இன்ச் போட்டால் தூரத்து முனையில் ஒரு ஆர்மின் காற்று மட்டும் ஓடும் இடத்தில் வேகம் 5 மீட்டருக்கும் கீழே போய்விடும். பிரான்ச் மெயினில் சேரும் கோணம் 30 டிகிரி, இடம் இல்லையென்றால் 45. நேர்குத்தாக டி போடக்கூடாது. பெண்டின் ஆரம் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

ஃபேன் பிரஷர் கணக்கு தோராயமாக: ஆர்மும் ஹூட்டும் 90, டக்ட் 40, பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் 25, ஃபில்டர் அழுக்கான நிலையில் 100. மொத்தம் 255 எம்.எம். மணிக்கு 4,800 கனமீட்டருக்கு, ஃபேன் எஃபிஷியன்சி 65 சதவீதம் என்று வைத்தால் 5.1 கிலோவாட். உங்களிடம் உள்ள 10 எச்.பி 7.5 கிலோவாட். 15 எச்.பியை மறந்துவிடலாம். ஆனால் இந்த இம்பெல்லர் 4,800-ல் 255 எம்.எம் தருமா என்று சப்ளையரிடம் ஃபேன் கர்வ் (எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பிரஷர் என்ற வரைபடம்) கேட்டு வாங்கிப் பாருங்கள். பிளேட்டில் உள்ள ஒற்றைப் புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது. கொஞ்சம் போதவில்லை என்றால் புல்லியில் சரிசெய்யலாம், இம்பெல்லருக்கு அனுமதித்த உச்ச வேகத்தைத் தாண்டாமல்.

கிரைண்டிங்குக்குத் தனி யூனிட். டேபிளைக் காற்றைக் கீழ்நோக்கி இழுக்கும் டவுன்டிராஃப்டாக மாற்றி, மூன்று பக்கமும் 2 அடி உயரத்துக்குத் தகடு மறைப்பு கொடுத்தால் சதுர அடிக்கு 150 சி.எஃப்.எம் போதும், மறைப்பில்லாமல் 200, 250 என்று ஏறும். 12 சதுர அடிக்கு 1,800 சி.எஃப்.எம், மணிக்கு சுமார் 3,060 கனமீட்டர். டேபிளிலிருந்து 9 இன்ச் டக்ட், வேகம் 21 மீட்டர். கிரைண்டிங் தூசிக்கு 18-க்குக் கீழே போனால் குழாய் அடியில் படியும். உங்கள் மெயினில் இப்போது 6 மீட்டர்; திறந்து பாருங்கள், கால்வாசி நிரம்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை. சேர்ந்த மெயின் 12 அல்லது 13 இன்ச். அதன் பிறகு சைக்ளோன், அதன் பிறகு பேக் ஃபில்டர். துணிப் பரப்பு 85 சதுர மீட்டர், விகிதம் 1.2. சைக்ளோன் பொறியையும் கனமான துகளையும் கீழே தள்ளிவிடும். டேபிளுக்கும் சைக்ளோனுக்கும் இடையில் ஃபிளெக்சிபிள் எதுவும் வேண்டாம், 2 எம்.எம் எம்.எஸ் தகட்டில் உருட்டியதே நல்லது. பெண்டில் 3 எம்.எம்.

பெரிய ஜாப் வந்தால் டவுன்டிராஃப்ட் டேபிளை முழுக்க மூடிக்கொள்ளும், கீழே காற்றே போகாது. அப்படிப்பட்ட ஜாப் அதிகம் என்றால் பின்சுவர் முழுதும் இழுக்கும் பேக்டிராஃப்ட் பூத்தாகக் கட்டுங்கள், பொறி சுவரை நோக்கிப் பாயும்படி ஆள் நிற்க வேண்டும்.


பாதுகாப்பு_ஜெயா

அலுமினியம் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. சேர்க்கக் கூடாது. "கொஞ்சம்தானே" என்றாலும் கூடாது.

காரணம் இரண்டு. அலுமினியத் தூள் தானே வெடிக்கக்கூடியது. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில் கார் வீல் பாலிஷ் செய்யும் ஆலையில் வெடித்தது இதுதான், 146 பேர் இறந்தார்கள். சுத்தம் செய்யப்படாத டஸ்ட் கலெக்டருக்குள் ஈரப்பட்ட தூள் தானாகச் சூடேறியதில்தான் தொடக்கம். இரண்டாவது, உங்கள் டக்டில் ஏற்கெனவே இரும்புத் துருத்தூள் படிந்திருக்கிறது. துருவும் அலுமினியமும் சேர்ந்து ஒரு பொறி பட்டால் நடப்பது தெர்மிட் வினை. ரயில் தண்டவாளத்தை ஒட்டப் பயன்படுத்துகிறார்களே, அதே வினை. கிரைண்டிங் லைன் என்பது பொறி வரும் லைன். மூன்றையும் நீங்களே ஒரே பெட்டிக்குள் கூட்டி வைக்கிறீர்கள். அலுமினிய வெல்டிங் புகையையும் அந்த ஆர்ம்களில் இழுக்காதீர்கள், அதுவும் அதே ஜாதி.

வேலை குறைவு என்றால் தூசி வராத முறைக்கு மாறுங்கள். டிஸ்க்குக்குப் பதில் கார்பைடு பர், அரம், மில்லிங். சுருளும் சீவலும்தான் வரும், தூள் வராது. அரை மில்லிமீட்டருக்கு மேல் உள்ள சீவல் காற்றில் கிளம்பி வெடிக்காது. பல பேனல் வேலைக்கு இதுவே போதும்.

கிரைண்டிங் தவிர்க்கவே முடியாது என்றால் தனி பே, தனி டிஸ்க், தனி துடைப்பம், வெட் டைப் டவுன்டிராஃப்ட் டேபிள். தூளைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். ஆனால் அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் விடும், ஆகவே தொட்டியை மூடி வைக்கக்கூடாது. மெஷின் நின்ற பிறகும் வாயு மேலே வெளியேற வழி இருக்க வேண்டும். கசடைத் தினமும் எடுத்து, காற்றோட்டமுள்ள டிரம்மில், ஷெட்டுக்கு வெளியே வைக்க வேண்டும், காயவும் விடக்கூடாது. குழாய் உலோகமாக இருக்கட்டும், ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் செம்பு பிரெய்டு கட்டி எர்த் கொடுங்கள். அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு அமைப்பான என்.எஃப்.பி.ஏ-வின் 484 முழுக்க இதற்கென்றே எழுதப்பட்ட தரநிலை, இப்போது 660-க்குள் சேர்த்துவிட்டார்கள்; ஆர்டர் கொடுக்கும்போது அதன்படி வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள்.

அங்கே தண்ணீர், நுரை, சி.ஓ2 தீயணைப்பான் எதுவும் மாட்டக்கூடாது. டி வகை பவுடர் அல்லது ஈரமில்லாத மணல் வாளி. மணலை மெதுவாகக் கொட்டி மூட வேண்டும், வீசினால் தூள் கிளம்பும்.

இரும்பு என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் கல்லட்டினில் ஒரு இரும்புத்தூள் ஆலையில் 2011 ஜனவரி, மார்ச், மே என்று மூன்று தடவை தீ, ஐந்து உயிர். அங்கே இருந்தது உங்கள் கிரைண்டிங் தூசியைவிட நுண்மையான தூள், அது உண்மைதான். ஆனாலும் உத்தரத்தில் படிந்த தூசியை ஏர் கன்னால் ஊதி இறக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வாக்குவம் கிளீனர்தான், அதுவும் தூசிக்கென்று வந்த மோட்டார் மூடிய வகை.

எஸ்.எஸ் வேலையும் அதே ஷாப்பில் நடந்தால் கலெக்டர் அவுட்லெட்டை ஷெட்டுக்குள்ளேயே திருப்பி விடாதீர்கள். எஸ்.எஸ் வெல்டிங் புகையில் ஹெக்சவேலண்ட் குரோமியம் இருக்கும். பொதுவாகவே வெல்டிங் புகையை 2017-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் சேர்த்துவிட்டது. வெளியேதான் விட வேண்டும், ஜன்னலுக்கும் கம்ப்ரஸர் இன்டேக்குக்கும் தள்ளி.


குறிச்சி_ஃபேப்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வால்வு சோதிச்சேன், எட்டுல ரெண்டு 'புஸ்ஸ்', ஒண்ணு சத்தமே இல்லை. மெயினைக் கிரைண்டிங் பக்கம் திறந்து பார்த்தேன், அடியில ரெண்டரை இன்ச் தூசி. அலுமினியத்தை பர்ல பண்ணிக்கறோம். எல்லாத்தையும் ஒரே மாசத்துல பண்ண முடியாதுங்க. எது முதல்ல?


மெயின்டனன்ஸ்_மாரி

செலவு கம்மியானதுல இருந்து போங்க. முதல்ல கிரைண்டிங் ஹோஸ் ரெண்டையும் கழட்டி மெயின்ல பிளேட் அடிச்சு மூடிடுங்க. மேல இருக்கற ஹூட் இப்பவே ஒண்ணும் இழுக்கலை, போனா நஷ்டமில்லை. பொறி கார்ட்ரிட்ஜுக்குப் போறது அன்னிக்கே நிக்கும். டக்ட்ல இருக்கற தூசியை ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வாக்குவம்ல எடுங்க. தட்டி விட்டு ஃபேன்ல இழுக்க விடாதீங்க, மொத்தமும் ஒரே சமயத்துல ஃபில்டர் மேல வந்து விழும். அடுத்தது டயஃப்ரம் கிட் ரெண்டு, காயில் ஒண்ணு, முக்கால் இன்ச் ஏர் லைன். அப்புறம்தான் கார்ட்ரிட்ஜ். ஏர் லைன் முடியறதுக்கு முன்னாடி புது கார்ட்ரிட்ஜைப் பெட்டியில இருந்து வெளியவே எடுக்காதீங்க. கிரைண்டிங் யூனிட் வர்ற வரைக்கும் அந்த ரெண்டு டேபிள்ல நிக்கறவங்களுக்கு பி2 ரகம் ரெஸ்பிரேட்டர், துணி மாஸ்க் இல்லை.


டக்ட்_கணக்கு

மாரி சொன்ன வரிசையே சரி. கார்ட்ரிட்ஜ் மாற்றிய அன்று நாலு ஆர்மையும் திறந்து வைத்து டி.பி, ஆம்பியர், நாலு ஆர்ம் வேகம் மூன்றையும் எடுத்துக் கலெக்டர் கதவிலேயே பெயின்ட் மார்க்கரில் எழுதி வையுங்கள். தூரத்து ஆர்ம்களில் 16, 17 மீட்டர்தான் வரலாம், அது போதும். வேகம் 14-க்குக் கீழே போனால் முதலில் டி.பி பாருங்கள். டி.பி சரியாக இருந்தும் வேகம் குறைந்தால் பெல்ட் நழுவுகிறதா, ஆர்ம் வாயில் உள்ள வலையில் ஸ்பேட்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வலையைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள், சிகரெட் துண்டும் கையுறையும் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான்.

கர்வ் வந்ததும் இங்கே போடுங்கள்.